நாமே செய்துகொள்வது

1

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெரு மாலைப்பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கணக்கும் இங்கிலீஷும் முடிந்த பிறகு எங்க அய்யாவின் பழைய மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உளி இரண்டு, கொட்டாப்புளி ஒன்று, கைரம்பம், இழைப்புளி, மூலைமட்டம். பள்ளிக்கு வந்த புத்தகங்கள் சாக்குப்பையில் கிடந்து செல்லரிக்கின்றன. அலமாரி வாங்கக் காசில்லை. நாமே செய்வோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் இழைப்புளியைப் பலகைமேல் தள்ள, சீவல் சுருள்சுருளாக வந்து விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சுருளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பையனின் அம்மா வந்தார். எனக்கு மதினி முறை. டவுனில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியக்காலம் நாலரை மணி பஸ்சுக்குப் போய் மதியம் திரும்புகிறவர். வாசலிலேயே நின்றார்.

"மதினி, நீங்க படிச்சவுக. ஒங்கள நம்பித்தான் எம்புள்ளய அனுப்புனேன். அவன் கையில என்னத்தக் குடுத்திருக்கீக?"

"அலமாரி செய்யச் சொல்லித் தர்றேன் மதினி."

"அவுக தாத்தன் கையில மம்பட்டி. அவுக அப்பன் கையில அருவா. எங்கையில வெளக்கமாறு. இவன் கையிலயாச்சும் பேனா இருக்கட்டும்னுதான வாயக் கட்டி வயித்தக் கட்டி அனுப்புறேன். நீங்க உளியக் குடுக்குறீகளே? இத ஊர்க்காரன் குடுத்தா நீங்கதான் மொத ஆளாச் சண்டைக்குப் போவீக. நீங்க குடுத்தா அது பாடமா?"

பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் காதில் அந்தச் சுருள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பதில் வரவில்லை. மேடையில் இருபது நிமிசம் பேசச் சொன்னால் பேசிவிடுவேன். வாசலில் நின்று கேட்ட அந்த ஒரு கேள்விக்கு வாயடைத்துப் போனேன். அந்தக் கேள்வியை எனக்குள்ளேயே வைத்துக்கொள்வதைவிட இங்கே தோழர்கள் மத்தியில் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். தன் வீட்டு வேலையைத் தன் கையாலேயே செய்துகொள்வது நல்லதா? யாருக்கு அது விடுதலை? யாருக்கு அது தண்டனை? நம் பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுக்கலாமா, கூடாதா?

2

முதலில் அந்த மரப்பெட்டியின் கதை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். எங்களுக்குத் தொகுப்பு வீடு கிடைத்தபோது அதில் தகரக் கதவுதான். உப்புக் காத்துக்கு நாலைந்து வருசத்தில் இத்துப் போய்விட்டது. 1998இல் எனக்குப் பத்து வயசு. கொல்லையில் நின்ற வேம்பு காத்துக்குச் சாய்ந்தது. அய்யா அதை டவுன் அறுவை மில்லுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பலகையாக்கிக் கொண்டுவந்தார். ஊருக்குள் இருந்த ஆசாரியிடம் போய்ப் புதுசாக ஒரு நிலையும் கதவும் செய்து தரச் சொன்னார்.

ஆசாரி மாட்டேன் என்று சொல்லவில்லை. "பட்டறையில செஞ்சு தர்றேன். நீங்களே தூக்கிட்டுப் போயி மாட்டிக்கங்க. நிலை வைக்க ஒங்க தெருவுக்கு நான் வர முடியாது" என்றார்.

நிலை வைப்பது என்பது வெறுமனே கட்டையை நிறுத்துகிற காரியமில்லை என்று வாசகர்களுக்குத் தெரியும். ஊரில் எந்த வீட்டுக்கு நிலை வைத்தாலும் ஆசாரிக்கு வேட்டி துண்டு வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, அவர் கையால்தான் நிறுத்துவார்கள். எங்கள் வீட்டுக்கு மரம் வரும். கதவு வரும். அந்தக் கை மட்டும் வராது.

அய்யா பலகையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "நிலை வைக்க வராதவன் செஞ்ச கதவு எனக்கெதுக்கு" என்றார். அய்யாவுக்குத் தொழில் கரிமூட்டம். சீமைக்கருவேலம் வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்குவது. மரத்தை வெட்டத் தெரியும், எரிக்கத் தெரியும். இழைக்கத் தெரியாது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த உளியையும் ரம்பத்தையும் பொறுக்கினார். சாணைக்கல்லில் ராத்திரியெல்லாம் தீட்டினார். பட்டறைக்கு வெளியே ரோட்டோரம் நின்று பீடி குடிக்கிற சாக்கில் ஆசாரி எப்படிப் பிடிக்கிறார், எப்படித் தட்டுகிறார் என்று நாள்கணக்காகப் பார்த்துவிட்டு வந்தார். ரம்பத்தின் அடுத்த முனையைப் பிடித்தவள் நான். ஒரு சட்டத்தில் துளை, அடுத்த சட்டத்தில் அதற்குள் இறங்குகிற நாக்கு. நாக்கு பெருசானால் துளை பிளக்கும், சிறுசானால் ஆடும். மூன்று சட்டம் வீணானது. நாலாவது சட்டத்தில் நாக்கு உள்ளே இறங்கி 'டொக்' என்று நின்றபோது அய்யா முகத்தில் பார்த்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூலி வாங்கும்போதுகூட அந்த முகம் வந்ததில்லை.

ஆனால் கதவு சரியாக வரவில்லை. மரம் பச்சை. பச்சை மரம் காயும்போது நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது; அகலத்தில் சுருங்கும். மழையில் ஈரம் குடித்து அதே அகலத்தில் ஊதும். அதனால்தான் தெரிந்தவர்கள் மரத்தை அறுத்து நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காயப் போடுகிறார்கள். சட்டத்தில் வரி வெட்டிப் பலகையை அதற்குள் செருகும்போதும் ஆணியடித்து இறுக்காமல், ஊதுவதற்குக் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். ரோட்டோரம் நின்று பார்த்த அய்யாவுக்கு இந்த ரகசியம் கண்ணில் படவில்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. பலகையை இறுக்கி ஆணியடித்துவிட்டார். பங்குனியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. ஐப்பசியில் ஊதிப்போய் நிலையில் சிக்கி, தோளால் இடித்தால்தான் திறக்கும். தெருவில் எங்கள் வீட்டுக்குப் பேரே 'இடிகதவு வீடு'.

'உன் வேலையை நீயே செய்' என்று இன்றைக்குப் புத்தகம் போட்டுச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதை யாரும் புத்தகத்தில் சொல்லவில்லை. வர மாட்டேன் என்று சொன்னார்கள்; அதனால் நாங்களே செய்தோம். குடிமகன் முடிவெட்ட வரமாட்டார், நாங்களே வெட்டிக்கொண்டோம். வண்ணார் துணி எடுக்கமாட்டார், நாங்களே வெளுத்துக்கொண்டோம். ஊருக்கு ஊர் இது வித்தியாசப்படலாம். ஆனால் சேரி என்பதே தனக்குத் தானே எல்லாம் செய்துகொள்ளும்படி விடப்பட்ட இடம்தான். ஊருக்கும் செய்யவேண்டும், தனக்கும் செய்துகொள்ளவேண்டும்.

3

கதவு மாட்டிய அன்றைக்கு எங்க அப்பத்தா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னது. "கதவுன்னா நமக்குத் தூக்குறதுக்குத்தான்டா. அடைச்சு வைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருந்துச்சு?"

பத்து வயசில் எனக்கு அது புரியவில்லை. எம்.ஏ. படிக்கும்போது ராமநாதபுரத்து 1930-31 கலவரங்களைப் பற்றிப் படித்தேன். 1930 டிசம்பரில் இந்தப் பகுதி ஆதிக்கசாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அடங்காத இடங்களில் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடை பதினொன்றானது. ஹட்டன் எழுதிய சாதி பற்றிய நூலில் பட்டியல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். செம்பும் பித்தளையும் ஆகாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது. இந்தப் பட்டியலின் கடைசியில் ஒன்று இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக வைத்துத் தூக்கிக்கொள்ளவேண்டும். வேறு வாகனம் எதுவும் கூடாது.

அப்பத்தாவின் அம்மா கல்யாணம் ஏறக்குறைய அந்தக் காலம். பொண்ணு மாப்பிள்ளையைக் கதவில் உட்காரவைத்துத் தூக்கினார்கள் என்று அப்பத்தா சொன்னது கதையில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. பல்லக்கே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. உன் வீட்டில் இருக்கிறதை வைத்து நீயே செய்துகொள் என்றார்கள். கல்யாணத்தன்றைக்கு உன் வீடு கதவில்லாமல் திறந்து கிடக்கட்டும் என்றார்கள். 'நீயே செய்துகொள்' என்ற வார்த்தைக்குள் எவ்வளவு வன்மம் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டாம்.

4

2019இல் அந்தக் கதவை மாற்றினோம். அய்யாவுக்குத் தோளால் இடித்துத் திறக்கிற தெம்பு போய்விட்டது. காலம் மாறிவிட்டது பாருங்கள், போன் போட்டதும் ஆள் வந்தார். வந்தவர் அந்தப் பழைய ஆசாரியின் மகன். டவுனில் ப்ளைவுட் வேலை, மாடுலர் கிச்சன் எல்லாம் செய்கிறவர். பைக்கில் வந்து எங்கள் வாசலிலேயே இறங்கினார். அவங்க அப்பா வராத தெருவுக்கு மகன் வந்தார்.

பழைய கதவைக் கழற்றித் தரையில் போட்டு, சட்டம் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது யாரு செஞ்சது? நாக்கு நல்லா இறங்கியிருக்கு. ஒரு ஆணியில்லாம நிக்குது. மரந்தான் பச்ச" என்றார்.

"நாந்தான் தம்பி" என்றார் அய்யா. இருபத்தோரு வருசத்துக்குப் பிறகு வந்த மார்க்கு. அந்தப் பழைய முகத்தின் ஒரு ஓரம் தெரிந்தது.

பலகைக்கு ஏன் இடம் விடவேண்டும் என்று அந்தத் தம்பிதான் அய்யாவுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். நல்ல பிள்ளை. மறைக்காமல் சொன்னார். அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்கள். "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்றார். மத்தியானம் சாப்பாட்டுக்கும் டவுன் வரைக்கும் போய்விட்டு வந்தார். சாயங்காலமும் டீ குடிக்கவில்லை. கை எங்கள் கதவைத் தொட்டது. வாய் எங்கள் டம்ளரைத் தொடவில்லை.

அந்தத் தம்பியைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவரைப் பற்றியும் சாஸ்திரம் எழுதிவைத்திருக்கிறது. மனுவின் ஐந்தாம் அத்தியாயம் கைவினைஞனின் கை எப்போதும் சுத்தமானது என்கிறது. ஆகா, உழைக்கிற கைக்கு என்ன மரியாதை என்று நினைக்கத் தோன்றும். நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினால், யார் வீட்டுச் சோறு உண்ணக்கூடாது என்கிற பட்டியலில் திருடனுக்கும் வட்டிக்காரனுக்கும் நடுவில் தச்சன் நிற்கிறான். கை சுத்தம், சோறு தீட்டு. ஏன் இப்படி? கையை அசுத்தம் என்றால் அவன் செய்த கட்டிலில் படுக்கமுடியாது, அவன் வைத்த நிலைக்குள் நுழையமுடியாது. பொருள் வேண்டும், அதனால் கைக்கு விதிவிலக்கு. ஆள் வேண்டாம், அதனால் சோற்றுக்குத் தடை. ஒரு மனுசனைக் கையாகவும் ஆளாகவும் இரண்டாக அறுக்கிற ரம்பம் இது.

புருஷசூக்தத்து உடம்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். வாயிலிருந்து பார்ப்பனன், தோளிலிருந்து சத்திரியன், தொடையிலிருந்து வைசியன், காலிலிருந்து சூத்திரன். கை போர்க்கருவி பிடிக்கிறவனுக்குப் போய்விட்டது. செய்கிற கைக்கு அந்த உடம்பில் இடமே இல்லை. நமக்கோ அந்த உடம்பிலேயே இடமில்லை.

மனுவின் பட்டியலில் தன் சோறு தீட்டாகிப் போன தச்சரின் மகன், எங்கள் டீயைத் தீட்டாக்கிவிட்டுப் போகிறார். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார். சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது. அதுவும் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைப்பது. அடுக்கில் மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருவன் கிடைப்பதால்தான் அடுக்கு சரியாமல் நிற்கிறது.

5

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். மதுரையில் எனக்கு ஒரு தோழர் இருக்கிறார். ஆதிக்கசாதியில் பிறந்தவர், அதைச் சொல்லி வெட்கப்படுகிறவர். முற்போக்குதான், சந்தேகமில்லை. மின்சாரத் துளைக்கருவி, வட்ட ரம்பம், உப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் வாங்கி மாடியில் ஒரு பட்டறையே வைத்திருக்கிறார். தன் புத்தக அலமாரியைத் தானே செய்தார். அழகாகத்தான் இருந்தது. "ஒவ்வொருத்தரும் தன் வீட்டு வேலையைத் தானே செஞ்சா சாதி தானா ஒழிஞ்சிடும் தோழர்" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே இரண்டு பேர் மலக்குழியை மூடியிருந்த கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அடைப்பு. தோழர் போன் போட்டு வரவழைத்திருந்தார். தன் வேலையைத் தானே செய்வது என்ற பட்டியலில் அலமாரி இருந்தது, சுவருக்கு வண்ணம் இருந்தது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது இருந்தது. குழி இல்லை. நான் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அதை அவர் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருக்கிற வசதிக்கும் ஒரு பேர் உண்டு.

இது அவர் ஒருத்தருடைய குறையில்லை. தன் கையால் வீடு கட்டிக்கொண்டதற்காக உலகம் கொண்டாடுகிற ஆள் தோரோ. 1845இல் ஒரு கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு அமெரிக்காவில் வால்டன் குளக்கரைக் காட்டுக்குப் போனார். தானே வெட்டி, தானே செதுக்கி, துளையும் நாக்கும் தானே எடுத்து வீடு கட்டினார். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கும் எழுதினார். 1854இல் வந்த அவர் புத்தகத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு இடம் இருக்கிறது. பலகை எங்கிருந்து வந்தது? ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் கூலியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குள் அவன் காலி செய்யவேண்டும். ஆறு மணிக்கு ரோட்டில் அந்தக் குடும்பம் எதிரே வருகிறது. வீட்டுச் சாமான் மொத்தமும் ஒரு மூட்டை. இதைத் தோரோ மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்தார். ஆனால் தத்துவம் தோரோ வீட்டைப் பற்றி வந்தது. காலின்ஸ் அடுத்த ராத்திரி எங்கே படுத்தான் என்பதைப் பற்றி ஒரு தத்துவமும் வரவில்லை.

காந்தியும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தான் தைத்த ஒரு ஜோடியை 1914இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார், இதைப் போட்டு நடக்க எனக்குத் தகுதியில்லை என்கிற பொருளில். செருப்புத் தைக்கிற நம் சனங்களின் கையிலிருந்து வந்த செருப்பை எந்த ஜெனரல் அப்படி வணங்கினான்? அதே தோல், அதே ஊசி, அதே தையல். ஒரு கையிலிருந்து வந்தால் தவம். இன்னொரு கையிலிருந்து வந்தால் பிறப்பு. அதே காந்தி 1936இல் ஹரிஜன் இதழில் இலட்சியத் தோட்டியைப் பற்றி எழுதி அந்த வேலையைப் புனிதமாக்கினார். திணிக்கப்பட்ட ஒன்றைப் புனிதம் என்று புகழ்வது, சுமக்கிறவனை இன்னும் கொஞ்சதூரம் சுமக்கவைக்கிற தந்திரம் என்பதை அம்பேத்கர் கடுமையாகவே சொன்னார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது ஒரு இயக்கமாகவே பரவியது. சொந்தவீடு பெருகியது, தச்சர் கூலி ஏறியது, அதனால் சம்பளக்காரனும் சுத்தியலைக் கையில் எடுத்தான். அங்கே உழைப்புக்கு விலை ஏறியதால் வந்த பழக்கம் அது. இங்கே உழைப்பு மலிவு. மலிவாக இருப்பதற்குச் சாதி காவல் நிற்கிறது. அதனால் இங்கே கைவேலை பொழுதுபோக்காக வரும்போது, எந்த வேலை பொழுதுபோக்கு, எந்த வேலை போன் போட்டு ஆள் கூப்பிடுகிற வேலை என்பதையும் சாதியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

6

அப்படியானால் கைவேலையே வேண்டாமா? மதினி சொன்னதுதான் சரியா?

அவருடைய பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கவேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், தமிழ்நாடே கொதித்தது, 1954இல் ராஜாஜி போய்க் காமராசர் வந்ததும் அது ஒழிந்தது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்கு ஒன்று கொண்டுவந்தது. பட்டியலில் முதல் தொழிலே தச்சு. குடும்ப வழியில் வந்த பாரம்பரியத் தொழில் என்பது அதன் அடிப்படை. அப்படிக் குடும்பத்தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடு, குறைந்த வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. 2024 நவம்பரில் இந்த வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டு, சாதி பார்க்காமல் 25 தொழில்களுக்குத் தன் பேரில் தனித்திட்டம் கொண்டுவந்தது. வயது 35 என்பது சின்ன விசயமில்லை. படிக்கிற பிள்ளையின் கையில் கடனையும் கருவியையும் திணிக்காதே என்று அதற்கு அர்த்தம். மதினி ஒரு சுற்றறிக்கையும் படிக்காமல் சொன்னதும் அதேதான்.

'பேனா உசத்தி, உளி தாழ்த்தி என்கிற பார்ப்பனியத்தை மதினியும் விழுங்கிவிட்டார்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. எழுத எனக்குக் கூசுகிறது. நான் உளியைச் சந்தோசமாகப் பிடிக்கமுடிகிறது என்றால் என் பெட்டியில் ஒரு எம்.ஏ. சர்டிபிகேட் இருக்கிறது. விழுந்தால் தாங்குவதற்கு அது இருக்கிறது. அவர் பையனுக்கு என்ன இருக்கிறது?

விருப்பம்தான் அளவுகோல் என்று சொல்லிப் பார்க்கலாம். விரும்பிச் செய்தால் விடுதலை, வேறு வழியில்லாமல் செய்தால் அடிமைத்தனம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்க அய்யாவுக்கு வேறு வழியில்லை; இருந்தும் அந்த நாக்கு இறங்கியபோது அவர் அடிமையாக இல்லை. மதுரைத் தோழருக்கு எல்லா விருப்பமும் இருந்தது; அவருடைய விருப்பம் கீழே குழிக்கல்லைப் புரட்டிய இரண்டு பேருக்கு விருப்பமில்லாமல் போனதன்மேல் நின்றது. ஆக விருப்பம் என்ற ஒரு அளவுகோல் போதாது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவன் எங்கே நிற்கிறான் என்றும் பார்க்கவேண்டும்.

நான் யோசித்த வரைக்கும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கவேண்டியிருக்கிறது. நமக்கு மறுக்கப்பட்ட வேலைகள் ஒன்று. நம்மேல் திணிக்கப்பட்ட வேலைகள் இரண்டு. மனுசனே செய்யக்கூடாத வேலைகள் மூன்று. 'உன் வேலையை நீ செய்' என்கிற பொன்மொழி இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

உளி முதல் வகை. மண்வெட்டியும் விளக்குமாறும் போல அது நம் கையில் திணிக்கப்பட்டதில்லை. அய்யா அதைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினார். தொழிலை ரோட்டோரம் நின்று திருடினார். குலக்கல்வியில் தொழில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், வேலிக்கு அந்தப்பக்கம் போகாது. என் கைக்கு வந்ததோ வேலி தாண்டி வந்தது. அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளையின் கைக்கு. மறுக்கப்பட்டதை எடுத்துக்கொள்வதில் நமக்கு வெட்கம் தேவையில்லை. மறுக்கப்பட்டது பேனாவும்தான், உளியும்தான், நாதஸ்வரமும்தான், நிலமும்தான்.

இரண்டாவது வகையை, பெருக்குவது, வெளுப்பது, சுமப்பது இதையெல்லாம், நாம் பெருமையாகப் பேசவேண்டிய அவசியமில்லை. அதைப் பங்கு போடவேண்டும், இல்லையென்றால் மறுக்கவேண்டும். அவனவன் வீட்டுக் குப்பையை அவனவன் அள்ளட்டும். தோழரின் பொன்மொழி அங்கேதான் உண்மையாகும்.

மூன்றாவதைப் பங்கு போடுவதும் கூடாது. கையால் மலம் அள்ளுவதற்குத் தடை 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவின் விலை ஏறியிருக்கிறது; சாவு நிற்கவில்லை. தோழரே குழிக்குள் இறங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருமே இறங்காத குழியைக் கட்டு, எந்திரத்தை வை என்கிறேன். சுவரில் அலமாரி மாட்ட இத்தனை கருவி கண்டுபிடித்தவர்களுக்கு இது முடியாதா?

7

இந்த மூன்று வகையையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு புரட்டாசி மாசம் ஒரு சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அய்யா கதையைச் சொன்னபோது தலையை ஆட்டினார்.

"ஒங்கய்யா திருடுனாரு, சரி. மறுத்தத எடுத்தாரு, அதும் சரி. எம்புள்ள உளியப் புடிச்சா ஆசாரி வேலை தெரிஞ்சவன்னு பேரு வரும். நான் எங்க வீட்டுக்குப் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன்னு சந்தோசப்படலாம். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா மதினி?"

"கேளுங்க."

"நாமதான் அந்தப் பக்கம் தாண்டுறோம். அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தனாச்சும் இந்தப் பக்கம் தாண்டுறானா? ஊருக்குள்ள இருந்து ஒரு புள்ளயக் கூட்டியாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல உக்காரட்டும். எம்புள்ளயோட அந்த ரம்பத்துக்கு அடுத்த முனையப் புடிக்கட்டும். முடிச்சிட்டு எங்கையால ஒரு டீயக் குடிக்கட்டும். அன்னைக்கி நீங்க உளி என்ன, சம்மட்டியே குடுங்க. அதுவரைக்கும் எம்புள்ள கணக்குப் பாடத்துக்கு வருவான். அதுக்குமேல வரமாட்டான்."

நான் மூன்று வகை பிரித்துக்கொண்டு போனேன். அவர் ஒரே கேள்வியில் நாலாவதைக் கேட்டுவிட்டார். வேலி தாண்டுவது ஒருபக்கமாக மட்டுமே நடந்தால் வேலி அப்படியேதானே நிற்கும்?

மூன்று மாசமாக ஊருக்குள் எனக்குத் தெரிந்தவர்களிடம் பேசிப் பார்க்கிறேன். முற்போக்குப் பேசுகிற இரண்டு குடும்பங்களும் அதில் உண்டு. "பரீச்சை இருக்கு", "டியூசன் இருக்கு", "தூரமாச்சே" என்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு ஊருணி, ஒரு ரோடு. அவ்வளவுதான் தூரம்.

அலமாரி பாதியில் நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பலகைக்கு இடம் விட்டுத்தான் செருகுகிறோம். எங்க அய்யா செய்த பழைய கதவை இரண்டு கட்டைமேல் படுக்கப் போட்டிருக்கிறோம். அதுதான் இப்போது எங்களுக்கு வேலை மேசை, எழுதுகிற மேசையும் அதுதான். மதினி பையன் கணக்குப் பாடம் முடிந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி இழைப்புளியை ஒருதரம் பார்ப்பான். நானும் அவனைக் கூப்பிடுவதில்லை. அவங்க அம்மா போட்ட நிபந்தனை நியாயமானது. அதை நிறைவேற்றவேண்டியவர்கள் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள். இந்த இதழ் அந்தப்பக்கத்துக்கும் போகிறது என்று தெரியும். அதனால்தான் எழுதினேன்.